ஒரு சாண் நாலு விரல்

1

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் போன ஜனவரியில், டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து முக்கால் மணி நேரம் காரோட்டிப் போய், துப்பாக்கி சுடும் திடலில் நின்று விசையை இழுத்தபோது என் ரைஃபிள் வெடிக்கவில்லை. சளி பிடித்த ஆள் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அடுத்த தோட்டாவுக்கும் அதேதான். அன்று காலை கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

திடலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் டேல் என்பவர் துப்பாக்கி பழுது பார்க்கிறார். அவரிடம் கொண்டு போனேன். முன்னும் பின்னும் நகர்கிற போல்ட்டைக் கழற்றி, அதற்குள் இருந்த, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசியை உருவினார். ஊசியைச் சுற்றி வெள்ளையாக, மெழுகு போல அப்பியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"முப்பது வருஷமா இந்த வேலை பண்றேன். துப்பாக்கியில மிட்டாய் வாசனை வர்றது இதுதான் முதல் தடவை" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் துப்பாக்கிக்கு இதுதான், என் அப்பா நாற்பது வருஷம் இதைத்தான் போட்டார் என்றேன்.

"உங்க ஊர்ல குளிர் உண்டா?"

"உண்டு. மலை ஊர்."

அவர் தோளைக் குலுக்கினார். "அப்போ உங்கப்பா வேற எதையோ போட்டிருக்கணும்."

அதோடு விடவில்லை. தோளில் அணைக்கிற அடிக்கட்டையில் இருந்த ஒரு திருகைக் காட்டி, இது யார் செய்த வேலை என்று கேட்டார். அதன் தலை கடித்துக் குதறியது போல் இருந்தது. கட்டில் பூட்டுவதற்காக வாங்கிய ஸ்க்ரூடிரைவரால் நான் திருகியது. ஒப்புக்கொண்டேன். ஒரு பழைய ரசீதைத் திருப்பி, பின்பக்கத்தில் நான் வாங்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவு இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். அங்கே விடிந்திருந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் போன் விழுந்துவிட்டது.

"மார்கழிக் குளுருக்கு எவளாச்சும் தேங்காயெண்ணெய விடுவாளா? மிஷின் எண்ணெயில்ல விடணும். தையல் மிஷினுக்கு விடுறது."

"அப்பா தேங்காயெண்ணெதானம்மா போடுவாரு? நான் பாத்திருக்கேன்ல."

"அது ஆயுத பூசைக்குடி. கட்டை பளபளன்னு இருக்கணும்னு பூசுறது." பிறகு, "சாப்டியா? ஆதிரை என்ன பண்றா?" என்று அம்மா வேறு பக்கம் போய்விட்டாள்.

நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2

என் பெயர் பாண்டீஸ்வரி. வீட்டில் ஈசு, அலுவலகத்தில் பாண்டி. திண்டுக்கல்லுக்கு மேலே சிறுமலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழையும் எலுமிச்சையும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு படி ஏறும் என்று என் கணவர் பிரபு கேலி செய்வார். ஏறட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து திண்டுக்கல்லில் அரசு விடுதி. வீட்டுக்கு வருவது விடுமுறைக்கு மட்டும்.

காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அப்பாவுக்கு அரசு உரிமம் கொடுத்த துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய ஒற்றைக்குழல். அதைத் தொட என்னை அவர் விட்டதே இல்லை. "நீ பேனாவப் பிடி, அது போதும்" என்பார்.

பிடித்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும்போது முதல் மனு எழுதினேன். உரிமத்தைப் புதுப்பிக்கக் கோரி ஆட்சியர் அலுவலகத்துக்கு. அதில் ஒரு வாக்கியம் வரும்: "மனுதாரராகிய நான் இரவு முழுவதும் தோட்டத்தில் தங்கி, காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காத்து வருகிறேன்." எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டியபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பருகே நின்று சேலையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெருமிதம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஐந்தாறு முறை அதே மனுவை எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டும் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் போனவை. அந்த வாக்கியத்தை ஒருமுறைகூட மாற்றவில்லை. அவ்வளவு பிடிக்கும் எனக்கு.

தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தேர்தலுக்கு அப்பா பஸ்ஸில் இறங்கிப் போய் ஒப்படைத்தார். முடிவு வந்து, திரும்ப வாங்கப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலியில் போய்விட்டார். என் விசா நீட்டிப்பு மனு அப்போது நிலுவையில் இருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்தும் ஸ்டாம்பிங் தேதி கிடைக்க மாதக்கணக்காகும், வேலை இருக்காது என்றார் வக்கீல். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதை ஒரு கான்ஃபரன்ஸ் அறைக்குள் நின்று போனில் பார்த்தேன். தம்பி செந்தில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு பழைய ரைஃபிள் வாங்கினேன். என்னைப் போல எச்1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேட்டை உரிமம் இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு வகுப்பு, ஒரு பரீட்சை. வகுப்பில் நான்தான் முதல் மதிப்பெண். இதுவரை ஒரு அணிலைக்கூடச் சுட்டதில்லை, சுடப்போவதும் இல்லை. அட்டையில் வரைந்த வட்டங்களைச் சுடுவேன். ஏன் வாங்கினாய் என்று பிரபு ஒரே ஒருமுறை கேட்டார். அப்பா தொட விடாத பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

3

டேல் எழுதிக் கொடுத்த தாள் இப்போதும் எங்கள் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினேன்.

குழல் துடைக்கும் கம்பி முதலில். நான் வைத்திருந்தது மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்க்கிற மலிவான கம்பி. அந்த இணைப்புகள் குழலின் உட்சுவரை உரசும். இப்போது இருப்பது ஒரே நீளமாக, மேலே பூச்சு உள்ள கம்பி. குழலைவிட ஒரு முழம் கூடுதல். பிரஷ், குழலின் துளை அளவுக்கே வாங்க வேண்டும்; சற்றுப் பெரிதானால் உள்ளே சிக்கும், சிறிதானால் எதையும் துடைக்காது. துடைக்கிற துணிக்குக் காசு செலவழிக்கவில்லை. பிரபுவின் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டேன். கடையில் விற்கிறதைவிட நன்றாக இருக்கிறது என்று டேலே இரண்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஸ்க்ரூடிரைவரில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். வீட்டில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு போலச் சரிந்து மெலியும். துப்பாக்கித் திருகின் வெட்டோ நேராக இறங்கும். ஆப்பு அதில் முழுதாக உட்காராது; மேல் விளிம்பை மட்டும் பிடித்து, வழுக்கி, கடித்து வைக்கும். நேரான முனையுள்ள பிட்டுகள் ஒரு செட் வாங்கினேன். அவற்றைத் திருகில் வைக்கும்போது வீட்டுச் சாவி பூட்டில் இறங்குவது போல் இருக்கும்.

அப்புறம் துப்பாக்கியைக் கிடத்தி வைக்க ரப்பர் பதித்த தாங்கி. திருகை எவ்வளவு இறுக்கலாம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். எண்ணெய்க்கு மட்டும் நான் அம்மா சொன்னதைக் கேட்டேன். துணி தைக்கும் பொருள்கள் விற்கிற கடையில் ஒரு சின்ன பாட்டில் தையல் மிஷின் எண்ணெய். டேல் அதைப் பார்த்துவிட்டு, திடல் துப்பாக்கிக்கு இது தாராளம், யார் சொன்னார்கள் என்றார்.

"என் அம்மா."

"அவங்களுக்கு விஷயம் தெரியுது."

மகள் ஆதிரைக்கு ஒன்பது வயது. கராஜுக்குள் வரமாட்டாள். துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான லாக்டவுன் பயிற்சி நடந்த நாளில், விளக்கை அணைத்து, இருபது பிள்ளைகள் சுவரோரம் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லிவிட்டு, கராஜ் கதவைப் பார்த்தாள். அதிலிருந்து நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"அம்மா, இஸ் இட் லாக்ட்?"

"பூட்டியிருக்கு கண்ணு. சாவி அம்மா கழுத்துல இருக்கு, பாரு."

"ஆர் யூ ஷ்யூர்?"

ஒவ்வொரு முறையும் போய்த் துப்பாக்கிப் பெட்டகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். அவள் கேட்பதில் தப்பில்லை. சிறுமலையில் அந்தத் துப்பாக்கி உத்தரத்தில் தொங்கும். அதற்குக் கீழேதான் நாங்கள் பாய் விரித்துத் தூங்கினோம். நான் ஒருநாளும் பயந்ததில்லை. ஒரே பொருள், இவளுக்கு வேறாக இருக்கிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளைக்கு இதை எந்த மொழியில் விளக்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

4

அப்பாவின் வருஷ திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது செந்தில் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தது. உரிமதாரர் இறந்துவிட்டபடியால், வாரிசுகளில் ஒருவர் உரிமம் கோரலாம். இல்லையேல் துப்பாக்கியை அரசிடம் ஒப்படைக்கச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். ஒப்படைத்தவை அழிக்கப்படும். பதில் தரக் கெடுவும் போட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதுகிறவள் நான். ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். "எங்களில் எவருக்கும் மேற்படி துப்பாக்கியைக் கையாளும் பழக்கமோ தேவையோ இல்லாத காரணத்தால்" என்று தொடங்கும் நல்ல கடிதம். எனக்கு அங்கே போக வழியில்லை. செந்தில் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். ஸ்டேஷன், கேஸ் என்றாலே அவனுக்கு ஆகாது. அப்பாவே இல்லை, அது யாருக்கு? என் கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். தம்பி போட்டுவிட்டான். அம்மாவின் கைரேகைதான் பாக்கி.

மூன்று வாரமாக அம்மா கைரேகை வைக்கவில்லை.

ஒருநாள் கையில் சேறு என்றாள். ஒருநாள் மை டப்பா காய்ந்துவிட்டது. ஒருநாள் செவ்வாய்க்கிழமை. எனக்குக் கோபம் வந்தது.

"இந்த ஒரு சின்ன வேலையக்கூட உங்களால செய்ய முடியலயாம்மா? கெடு முடியப் போகுது. நான் இங்கருந்து எத்தனை தடவ சொல்றது?"

"வைக்கிறேன்டி. ஓடியா போறேன்?"

"திங்கக்கெழம செந்தில் ஆபீசுக்குப் போறான். அதுக்குள்ள வச்சிருக்கணும்."

"சரிங்க மேடம்" என்றாள் அம்மா. அம்மா என்னை மேடம் என்றால் காயப்பட்டிருக்கிறாள் என்று அர்த்தம். அதுகூட எனக்கு அன்று உறைக்கவில்லை. ஒரு மீட்டிங் இருந்தது.

5

திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை. ஜூன் மாத டெக்சாஸில் கராஜ் ஒன்பது மணிக்கே கொதிக்கும் என்பதால், ஏழரைக்கே வேலையைத் தொடங்கினேன்.

என் ரைஃபிளின் அடிக்கட்டை எனக்கு நீளம். சராசரி அமெரிக்க ஆண் கைக்குச் செய்தது. தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது; அதனால் குறி எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கட்டையை வெட்டிவிடு என்றார் டேல். அளவு பார்க்கும் முறையையும் சொன்னார்: முழங்கையைச் செங்குத்தாக மடக்கு, கட்டையின் அடியை மடிப்பில் வை, ஆள்காட்டி விரலின் முதல் ரேகை விசையில் சரியாக விழ வேண்டும். எங்கே விழுகிறதோ அதுதான் உன் அளவு. துப்பாக்கியை ஒரு ஆளின் கைக்கு ஏற்ப மாற்றுகிற காரியங்களில் இதுதான் முதல், மற்றதெல்லாம் அலங்காரம் என்பது அவர் கட்சி.

பொடிப்பல் ரம்பம் வாங்கியிருந்தேன். வெட்டும்போது மரம் சிலும்பாமல் இருக்கச் சுற்றி ஒட்டுகிற டேப்பும். துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, கையை மடக்கி அளந்தேன். பன்னிரண்டேகால் அங்குலம். பென்சிலால் கோடு போட்டேன்.

அப்போதுதான் போனில் செந்திலின் படமும் குரல் செய்தியும் வந்திருந்ததைப் பார்த்தேன். சம்மதக் கடிதத்தில் துப்பாக்கியின் எண்ணும் அடையாளமும் எழுத வேண்டும் என்பதால் அவன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான்.

"யக்கா, நம்பரு தேஞ்சு போய்க் கெடக்கு, ஒண்ணும் தெரியல. ரைட்டர் நீளத்தயாச்சும் எழுதிக் குடுங்கறாரு. டேப்பு கேட்டா ஸ்டேஷன்லயே இல்லயாம்! கையாலதான் அளந்தேன். விசையிலருந்து கட்டை அடி வரைக்கும் ஒரு சாண் நாலு விரலு. கொழலு நாலு சாணும் சொச்சமும். நீயே அங்குலமாக்கி எழுதிக்க."

படத்தைப் பெரிதாக்கினேன். ஸ்டேஷன் மேசைமேல், ஒரு வருஷத் தூசியோடு, அப்பாவின் துப்பாக்கி. கட்டையின் அடியில் ஹவாய் செருப்பை வெட்டி இரண்டு அடுக்காகத் திருகி வைத்திருந்தது. நீல ரப்பர். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கட்டை உடைந்ததால் அப்பா ஒட்டுப் போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது உடைந்த கட்டை இல்லை. ரம்பத்தால் நேராக வெட்டியது. தோளில் உதை படாமலிருக்க ரப்பர் வைத்தது. என் மேசையில், பெட்டி பிரிக்காமல், நாற்பது டாலர் கொடுத்து வாங்கிய ரப்பர் பட்டை இருந்தது. அதே வேலைக்கு. திருகுகளின் தலைகளைப் பார்த்தேன். ஒன்றுகூடக் கடிபடவில்லை.

ஒரு சாண் ஒன்பது அங்குலம். நாலு விரல் மூன்று. பன்னிரண்டு.

என் அப்பா எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைகிறவர். அவர் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து நான் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு அங்குலக் கட்டையை அவர் தோளில் வைத்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு வெட்டியது அல்ல.

கல்லூரிக்குப் போகும்போது எனக்குப் புது ஜாக்கெட் தைக்கக் காசில்லாமல் அம்மாவின் ஜாக்கெட்டுகளையே எடுத்துப் போனேன். ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை. கை, தோள், எல்லாம் அதே அளவு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு வந்திருக்கும்போது இரவில் விழிப்பு வந்தால் பக்கத்தில் அப்பா படுத்திருப்பார். அம்மாவின் பாய் சுருட்டியே இருக்கும். கேட்டால், "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கு, தூங்கு" என்பார். மேலே பார்ப்பேன், உத்தரம் வெறுமையாக இருக்கும். காலையில் எழுந்து, "இரவு முழுவதும் தோட்டத்தில் தங்கி" என்று மனு எழுதுவேன்.

6

வீடியோவில் அழைத்தேன். அங்கே மாலை ஆறரை. அம்மா வாழைத்தார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இந்நேரத்துல? திரும்பவும் கைரேகையா?"

"அம்மா, அந்தக் கட்டைய யாரு வெட்டுனது?"

"எந்தக் கட்டைய?"

"துப்பாக்கிக் கட்டைய. அது அப்பாவுக்குக் காணாதும்மா. அது உங்க கை அளவு."

அம்மா திரும்பி, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். ஒரு கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன.

"ஒங்கப்பாதான் வெட்டுனாரு. எனக்குத் தோள்பட்டை கன்னிப் போச்சுன்னு."

"அப்ப சுட்டது?"

"பின்ன யாரு? அந்த மனுசனுக்கு மாலைக்கண்ணுடி. வெளக்கு வச்சா செவுரத் தடவிக்கிட்டு நடப்பாரு. பன்னிக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாது. நான்தேன் தோட்டத்துப் பரண்ல ஏறிக் கெடப்பேன். எல்லா நாளும் சுட மாட்டேன். வெறும் வேட்டு போட்டாலே பன்னி ஓடிரும்."

"எத்தனை வருசமா?"

"நீ ஆஸ்டலுக்குப் போன வருசத்துலருந்து. ஒனக்குப் பெட்டி வாங்கணும், புத்தகம் வாங்கணும். வாழைய பன்னிக்குக் குடுத்துட்டு என்னத்த வாங்க?"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டேன். குழந்தை மாதிரி இருந்தது என் குரல்.

"கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சா லைசென்ச ரத்து பண்ணிருவாங்க. நீதான மனு எழுதுற பிள்ள. பொய்யின்னு தெரிஞ்சு நீ எழுதக்கூடாதுன்னு ஒங்கப்பா சொல்லிட்டாரு. தெரியாம எழுதுனா ஒனக்குப் பாவம் இல்லல்ல?"

பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "யக்கா, எனக்குத் தெரியும். சத்தியம் வாங்கிருச்சு ரெண்டும்."

"எல்லாருக்கும் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"ஊருக்கே தெரியும்" என்றாள் அம்மா. "நீதான் ஊர்ல இல்லயே."

குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் ரம்பத்தை மேசையில் வைத்துவிட்டு கராஜ் தரையில் உட்கார்ந்தேன். ஊர் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். ஏங்குவதற்கு எனக்கு இருந்த ஊரில் அம்மா அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். பரணில் இருந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவளை நினைத்து ஏங்கக்கூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அப்பாவை நினைத்து ஒரு துப்பாக்கி வாங்கி, இத்தனை மாதமாக அம்மாவின் அளவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அம்மா, உங்களுக்கு அது வேணுமா? உள்ளதச் சொல்லுங்க."

"வேணும்னா குடுத்துருவாங்களா? செந்திலு குடுக்க மாட்டாங்கங்கறான்."

"வேணுமா வேண்டாமா?"

அம்மா வாழைத்தாரிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டாள். "என் துப்பாக்கிடி அது" என்றாள்.

கதவருகே சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆதிரை. கராஜ் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எங்கள் ஊர்த் தமிழ் புரியாது என்று நாங்கள்தான் நினைத்துக்கொள்கிறோம்.

"அம்மாச்சி ஷாட் பிக்ஸ்?"

"சுட்டா. பாதி நாள் சும்மா வெரட்டுனா."

"வேர் இஸ் இட் நௌ? இஸ் இட் லாக்ட்?"

"போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு."

"குட்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, படியிறங்கி உள்ளே வந்து, என் கையிலிருந்த போனை வாங்கிப் பாட்டியைப் பார்த்தாள். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "அம்மாச்சி, பயமா இல்ல?" என்று கேட்டாள்.

"பயந்தேன்டா தங்கம். தெனமும் பயந்தேன்" என்றாள் அம்மா.

7

அன்று மதியமே புது மனு எழுதினேன். மனுதாரர்: ராக்கம்மாள். தொழில்: விவசாயம். என் பழைய வாக்கியத்தை எடுத்து, ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்: "இரவு முழுவதும் தோட்டத்தில் தங்கி, காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காத்து வருவேன்." இறந்தகாலத்தை எழுத முடியாது. எழுதினால் அம்மாவின் மேல் கேஸ். (இந்தக் குறிப்பை வெளியிட அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுது, பரணும் விழுந்து போச்சு, இனி என்னப் பிடிச்சு என்ன பண்ணப் போறாக" என்றாள். பெயரை மட்டும் மாற்றச் சொன்னான் செந்தில். மாற்றியிருக்கிறேன்.)

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. துப்பாக்கியைக் கையாளும் பழக்கம் உண்டா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். மறுபடி கூப்பிட்டேன்.

"இல்லைன்னே போடு" என்றாள் அம்மா. "இத்தன வருசமும் இல்லைன்னுதான இருந்தேன். இன்னொரு தடவ இல்லைன்னா என்ன கொறஞ்சுருவேன்?"

இதற்கு முன் எத்தனையோ பொய்களைத் தெரியாமல் எழுதியிருக்கிறேன். தெரிந்து இந்த ஒன்றை எழுதக் கை வரவில்லை. "உண்டு" என்று எழுதினேன். எப்படி என்று கேட்டால், கணவர் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லுங்கள் என்றேன்.

"அந்த மனுசனா? எனக்கா?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இருக்கட்டும். போன மனுசனுக்கு ஒரு பேரு."

உரிமம் கிடைக்குமா என்று தெரியாது. விசாரணைக்கு வருவார்கள், வயதைக் கேட்பார்கள், பெண்ணுக்கு எதற்கு என்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பதில் சொல்ல முடியாது. என் ஸ்டாம்பிங் எப்போது என்று எனக்கே தெரியாது.

மாலையில் வெயில் இறங்கியதும் கராஜுக்குப் போனேன். பன்னிரண்டேகாலில் போட்டிருந்த கோட்டை அழித்தேன். ஆதிரை டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். விசையிலிருந்து பன்னிரண்டு அங்குலத்தில், ரப்பர் பட்டையின் கனத்தைக் கழித்துக்கொண்டு, புதுக் கோடு போட்டேன். கால் அங்குலம் எனக்குக் குறைவுதான். பழகிக்கொள்ளலாம். ரம்பம் மெதுவாக, சிலும்பாமல் இறங்கியது.

ஞாயிறு காலையில் செந்தில் படம் அனுப்பினான். கைரேகை வைத்த விண்ணப்பம். கீழே, மனுதாரர் கையொப்பம் என்ற இடத்தில் ஒரு ரேகை. மேலே, தாளின் நடுவில், யாரும் கேட்காத இடத்தில் இன்னொன்று.

"யக்கா, திட்டாத. எது 'உண்டு'ன்னு எழுதுன எடம்னு கேட்டுச்சு. காட்டுனேன். டக்குனு வெரல வச்சிருச்சு. ஆபீசுல திரும்ப எழுதிட்டு வரச் சொல்லுவாங்களோ என்னமோ."

சொல்லட்டும். திரும்ப எழுதுகிறேன்.